தழும்புக்கு நிறம் ஏற்றலாமா? கைக்கு யோசிக்கலாம், வயிற்றுக்கு இப்போது வேண்டாம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வயது 29. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். சின்னவனுக்கு ஏழு மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். வயிறு முழுக்க வரிவரியாகக் கருஞ்சிவப்பில் தழும்பு. சேலை கட்டினால் இடுப்பில் தெரிகிறது. இது போக, மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது எண்ணெய் கொட்டி, இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "வெண்புள்ளியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து உட்காருகிறார்கள். மதுரையில் ஒரு பார்லரில் கேட்டேன். மைக்ரோபிக்மென்டேஷன் என்று ஊசியால் தோல் நிறத்தை உள்ளே ஏற்றி வயிறு, கை இரண்டையும் மறைத்துவிடலாம், காலத்துக்கும் போகாது என்கிறார்கள். 60,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. வைகாசியில் கொழுந்தனார் கல்யாணம். அதற்குள் முடித்துவிடலாமா? பால் கொடுப்பதால் ஏதும் ஆகுமா? தொடை இடுக்கிலும் இப்போது புதிதாகக் கோடு விழுகிறது. அங்கே அரிப்புக்கு மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கித் தடவி வருகிறேன். அந்தக் கோட்டுக்கும் சேர்த்துப் பண்ணிக்கொள்ளலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மொத்தக் கடிதத்திலும் எனக்கு அவசரமாகப் படுவது அதுதான்.

தொடை இடுக்கில் அரிப்பு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு, அதன் பிறகு புதிதாகக் கோடு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். டியூபை எடுத்து அதிலுள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் கூடவே பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து என்று மூன்றும் கலந்தே வருகிறது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடுவதால் "நல்ல மருந்து" என்று வீட்டில் எல்லோரும் எடுத்துத் தடவிக்கொள்வார்கள். அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டு. அடியில் படர்தாமரை சத்தமில்லாமல் பரவிக்கொண்டே இருக்கும். விட்டால் திரும்ப அரிக்கும், அரித்தால் திரும்பத் தடவுவீர்கள். இப்படியே மாதக்கணக்கில் போகும்போது அந்த இடத்துத் தோல் மெலிந்து, அடித்தோலில் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் இற்றுப்போய்க் கோடு கோடாகப் பிளக்கும். தொடை இடுக்கும் அக்குளும் தோல் மெல்லியதாக, எப்போதும் ஈரமாக இருக்கிற இடங்கள். மருந்து அங்கே கூடுதலாக உள்ளே இறங்கும். அதனால் அங்கேதான் சீக்கிரம் பிளக்கிறது.

அந்தக் களிம்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நாலைந்து நாள் அரிப்பு கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். டியூபைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். என்ன தடவினீர்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பால் கொடுக்கிறீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், மாத்திரை தேவையா, களிம்பே போதுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். படர்தாமரை என்று உறுதியானால் வீட்டில் யாருக்கெல்லாம் அரிப்பு இருக்கிறதோ அவர்களுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். துண்டு தனித்தனியாக இருக்கட்டும். உள்பாவாடையையும் உள்ளாடையையும் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் இருந்தால், அவர் இடுப்பில் கட்டியிருக்கும் கறுப்பு அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொல்லுங்கள். குளித்த பிறகு அந்தக் கயிறு முழுசாகக் காய்வதே இல்லை, பூஞ்சைக்கு அது நிரந்தர வீடு. எத்தனை மருந்து கொடுத்தும் கயிற்றோரமாகவே திரும்பத் திரும்ப வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருக்கிறேன்.

தொடையில் விழுந்த கோடுகள் முழுசாக மறையாது. ஆனால் களிம்பை நிறுத்தினால் புதிதாக விழுவது நிற்கும், இருப்பவையும் நாளாவட்டத்தில் நிறம் வெளுத்து அடங்கும். அங்கே நிறம் ஏற்றும் பேச்சே வேண்டாம். பூஞ்சை இருக்கும் தோலில் ஊசி குத்தினால் தொற்றை நாமே உள்ளே கொண்டுபோய் விட்டதாகிவிடும். கோடு வேறு எங்காவது, தோள்பட்டையிலோ மார்பிலோ கையிலோ, காரணமில்லாமல் அகலமாக, கருஞ்சிவப்பாக விழுந்தாலும், கூடவே முகம் உப்பி எடை கூடினாலும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பிலேயே ஸ்டீராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் ஒன்று இருக்கிறது, அரிதாக வருவது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள்.

சரி, இப்போது பார்லர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர்கள் சொல்வது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மைக்ரோபிக்மென்டேஷன் நிஜமான சிகிச்சை. தோல் மருத்துவத்தில் இதைப் பல காலமாகச் செய்கிறோம். பரவாமல் நின்றுபோன வெண்புள்ளி உதட்டில் இருந்தால் நிறம் ஏற்றுவோம். பிளவு உதட்டை அறுவை செய்து சேர்த்த தழும்பில் உதட்டின் ஓரக் கோடு கலைந்திருந்தால் அதை வரைந்து சரிசெய்யலாம். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டு, பிறகு புதிதாக மார்பு அமைத்துக்கொண்ட பெண்களுக்குக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தை இந்த முறையில்தான் வரைகிறார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அழுத பெண்கள் உண்டு. அதனால் இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிற ஆள் நானில்லை. மறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதிலும் எந்தத் தப்பும் இல்லை. பஸ்ஸில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். வெண்புள்ளியே தொட்டால் ஒட்டுகிற நோய் கிடையாது. உங்களுடையதோ வெறும் சூட்டுத் தழும்பு. நகர்ந்து உட்கார்ந்தவருக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

இதில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் எதற்கு ஒத்துவரும், எதற்கு வராது என்பது உங்களுக்கே விளங்கும். நம் மேல்தோல் ஒன்றரை மாதத்துக்குள் உதிர்ந்து புதிதாகிவிடும், அதில் நிறம் வைத்தால் நிற்காது. அதற்கு அடியில் இருக்கும் அடித்தோலின் மேல்பகுதியில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மெல்லிய ஊசிகளால் நிறத் துகளைப் பதிக்கிறார்கள். துகள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. பழுப்பு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று அதில் பல நிறங்கள் உண்டு. வெளுப்புக்கு டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். இவற்றைக் கலந்து கலந்து உங்கள் தோல் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் கைத்திறமை. ஆழமும் முக்கியம். அப்பத்தாக்களின் முன்கையில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றியது கரி மை, கறுப்பு நிறம். ஆழத்தில் போய் உட்கார்ந்ததால் தோலுக்கு மேலே நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. பழுப்பு நிறத்தையும் தேவைக்கு மேல் ஆழமாகக் குத்தினால் இதே கதைதான், தோல் நிறமாக இல்லாமல் சாம்பலும் நீலமுமாகத் தெரியும்.

இதனால் மாறுவது நிறம் மட்டும்தான். மேடு பள்ளம் மாறாது. விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் நிறம் ஒன்றாகும், விரிசல் அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் தழும்பு எந்த வகை என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை முதலில் தழும்புக்கு நேர் எதிரே பிடியுங்கள். அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், தோலை ஒட்டினாற்போல் வெளிச்சம் படும்படி பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரிந்து பக்க வெளிச்சத்தில் காணாமல் போனால் அது நிற வித்தியாசம் மட்டும். அதற்கு நிறம் ஏற்றினால் பலன் உண்டு. பக்க வெளிச்சத்தில் வரிவரியாக நிழல் விழுந்தால் அது பள்ளம். எத்தனை ஆயிரம் செலவழித்து நிறம் ஏற்றினாலும் ஜன்னலோரம் நிற்கும்போது அந்த நிழல் தெரியத்தான் செய்யும். பார்லரில் காட்டுகிற முன்-பின் போட்டோக்கள் பெரும்பாலும் நேர் வெளிச்சத்தில் எடுத்தவை.

முதலில் வயிறு. அங்கே இப்போது ஊசி படவே கூடாது என்பது என் கருத்து. முதல் காரணம், உங்கள் கோடுகள் இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கின்றன. பிரசவத் தழும்பு முதலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். பிறகு மாதங்கள் போகப் போக வெளுத்துச் சுற்றியுள்ள தோலை விட வெள்ளையாகும். உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது, அதன் நிறம் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு இருக்கிற நிறத்துக்குப் பொருத்தி ஏற்றினால், அடுத்த வருடம் தழும்பு வெளுத்த பிறகு ஏற்றிய நிறம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டாவது, கருப்பாக இருக்கும் கோட்டை மறைக்க அதன் மேல் வெளிர் நிறம்தான் ஏற்ற வேண்டும். அதாவது டைட்டானியம் கலந்த வெள்ளை. நம் ஊர்த் தோலில் அது ஒட்டவைத்த மாதிரி தெரியும், அல்லது நாளானால் மஞ்சளடிக்கும். பிடிக்கவில்லை, லேசர் வைத்து எடுத்துவிடலாம் என்று போனால் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. டைட்டானியமும் இரும்பு ஆக்சைடும் லேசர் பட்டதும் ஒரே நொடியில் கறுத்துப் போகக்கூடியவை. மறைக்கப் போய், முன்பை விடப் பளிச்சென்று கறுப்புக் கோடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

வயிறு என்பது பெரிய பரப்பு, அதையும் யோசிக்க வேண்டும். வலி தெரியாமல் இருக்க மரப்புக் களிம்பு தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு மணி நேரம் வைப்பார்கள். அதில் இருக்கும் லிடோகெயின் கை அகலத்துக்குத் தடவினால் ஒன்றும் செய்யாது. வயிறு முழுக்கத் தடவி மூடி வைத்தால் ரத்தத்தில் கலக்கும் அளவு கூடி, தலைசுற்றலில் தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். பார்லரில் அதைச் சமாளிக்க என்ன இருக்கிறது? பால் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். நிறத் துகள் பாலில் இறங்குமா என்று பாலூட்டும் தாய்மார்களிடம் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆனால் குத்திய புண்ணில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் போட வேண்டி வந்தால், அவதிப்படுவது நீங்களும் குழந்தையும்தான். குழந்தை பால் குடிக்கும்போது காலை உதைத்துக்கொண்டு கிடப்பதே உங்கள் வயிற்றின் மேல்தானே. பால் மறக்கும் வரை கைக்கும் சேர்த்தே தள்ளிவைத்துவிடுங்கள்.

அப்புறம், பிரசவத்துக்குப் பின் உடம்பு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. எடை ஏறும், இறங்கும். இன்னொரு குழந்தை என்ற எண்ணம் இருந்தால் வயிறு மறுபடி விரியும். போதாததற்கு இடுப்பில் உள்பாவாடை நாடா இறுக்கும் இடம் எப்போதும் வேர்வையும் உரசலுமாக இருக்கும். ஊசி குத்திய தோல் ஆறுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

அப்படியானால் வயிற்றுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கோடு நிறத்தோடு இருக்கும் காலத்தில்தான் மருந்துக்கு ஓரளவாவது மசியும். பால் மறந்த பிறகு, அடுத்த குழந்தைக்குத் திட்டமில்லை என்றால், டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பை மருத்துவர் மேற்பார்வையில் தடவலாம். கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. நுண்ணூசி சிகிச்சை, புள்ளி புள்ளியாகத் தோலில் பாய்ச்சும் ஃப்ராக்ஷனல் லேசர் ஆகியவை கொலாஜனைக் கொஞ்சம் தூண்டி, பள்ளத்தைக் குறைக்கப் பார்ப்பவை. இவற்றுக்குப் பல சிட்டிங் வேண்டும். மாநிறத் தோலில் சூடு கூடிவிட்டால் கறுப்புத் திட்டு விழும் என்பதால் நிதானமான கை வேண்டும். இவை எதுவும் தழும்பைத் துடைத்து எடுத்துவிடாது, குறைக்கும், அவ்வளவுதான். டிவியில் விளம்பரம் வரும் எண்ணெய்களுக்குச் சீட்டுப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சியும் அரிப்பும் குறையும். கிழிந்த இழையை ஒட்டவைக்கும் எண்ணெய் எதுவும் இல்லை. சிசேரியன் தையல் தழும்பு தடித்து அரித்தால் அதற்குச் சிலிக்கோன் ஜெல் இருக்கிறது, பால் கொடுக்கும்போதும் தடவலாம்.

கைத் தழும்பு வேறு விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நிறம் ஏற்றுவதற்கு ஏற்ற தழும்பு அதுதான். மூன்று வருடம் பழையது, நிறம் மாறாமல் நின்றுவிட்டது, வெள்ளை, அளவும் சிறியது. டார்ச் சோதனையில் தட்டையாகவும் இருந்தால் நான் தைரியமாக யோசிக்கச் சொல்வேன். ஆனால் அதற்கு முன் இரண்டு இடத்தைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். ஒன்று, பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு. இன்னொன்று, காதும் மூக்கும் குத்திய இடம். அந்தத் தழும்பு குண்டுமணி போலத் தடித்து, பளபளவென்று, குத்திய அளவைத் தாண்டி வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு சுபாவம் இருக்கிறது. அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தாலும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி இருந்தால் அழகுக்காக எந்த ஊசியும் வேண்டாம். இப்போது தட்டையாக இருக்கும் தழும்பு தடித்து வளர்ந்து, வலியும் அரிப்புமாக நிரந்தரத் தொல்லை ஆகிவிடும்.

வெண்புள்ளியும், செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸும், ஊதா நிறத் தடிப்பாக அரிக்கும் லைக்கன் பிளேனஸும் இருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது தோலைக் குத்தினால், குத்திய இடத்திலேயே அந்த நோய் புதிதாக வரலாம். வெண்புள்ளிக்காரர்கள் ஒரு வருடமாவது புதுப் புள்ளி வராமல், இருப்பது பெரிதாகாமல் இருந்தால்தான் நாங்கள் ஊசி எடுப்போம். கட்டுப்படாத சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எல்லாமும் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை. உங்களுக்கு இவை இல்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் குறிப்பிடவில்லை.

வைகாசிக் கல்யாணத்துக்குள் கை சரியாகிவிடுமா என்றால், ஆகாது. இப்போது மாசி. முறையாகச் செய்கிறவர் முதல் நாளே முழுத் தழும்பிலும் கைவைக்க மாட்டார். தழும்பின் ஓரத்தில் ஒரு பயறு அளவுக்குச் சோதனையாகக் குத்திவிட்டு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருப்பார். முதல் வாரம் நிறம் தூக்கலாகத் தெரியும். பக்கு கட்டி உதிரும். அதன் பிறகு வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகுதான் உண்மையான நிறம் தெரியும். தழும்புத் தோல் சாதாரணத் தோல் மாதிரி நிறத்தைச் சீராகப் பிடிப்பதில்லை. ஒரு இடத்தில் நிற்கும், பக்கத்திலேயே நிற்காமல் போகும். அதனால் இரண்டு மூன்று சிட்டிங் ஆகும், நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும். "காலத்துக்கும் போகாது" என்று அவர்கள் சொன்னது சரியில்லை. சில வருடங்களில் மங்கும், மறுபடி ஏற்ற வேண்டும். முழுசாகவும் போகாது, அதனால் பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம் என்றும் இருக்க முடியாது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலையும் யோசியுங்கள். சித்திரை வந்தால் முன்கை கறுக்கும், மார்கழியில் கொஞ்சம் தெளியும். ஏற்றிய நிறம் வெயிலுக்குக் கறுக்காது, பனிக்குத் தெளியாது. கத்திரி வெயிலில் கறுத்துப்போன கைக்குப் பொருத்தி நிறம் கலந்தால், தை மாதம் தழும்பு மட்டும் கறுப்பாகத் தெரியும். அதனால் வெயில் தணிந்த பிறகு, ஐப்பசிக்கு மேல் செய்வது உத்தமம். சுற்றியுள்ள தோலை விட ஒரு மாற்றுக் குறைவாகவே நிறம் வைக்கச் சொல்லுங்கள். குறைந்தால் கூட்டிக்கொள்ளலாம். கூடினால் குறைக்க வழியில்லை. செய்த பிறகு வெளியே போகும்போது சன்ஸ்கிரீனும், வண்டியில் போனால் முழுக்கைத் துணியும் பழக்கமாகிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு வேறு வழி சொல்கிறேன். டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்று ஒரு பொருள். வெண்புள்ளியை மறைக்கத் தோல் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதுண்டு. அது தோலின் மேலடுக்கோடு சேர்ந்து சில மணி நேரத்தில் பழுப்பாக மாறும். குளித்தாலும் உடனே போகாது, ஒரு வாரத்தில் தானாக மங்கும். ஊசி இல்லை, ரத்தமில்லை. தழும்பில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தடவ வேண்டும், ஓரம் தாண்டினால் நல்ல தோலும் கறுக்கும். முதல் நாள் ஒரு சின்ன இடத்தில் தடவி, ஒவ்வாமை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் தடவியது நன்றாகக் காய்ந்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள். இது வேண்டாம் என்றால் தண்ணீரில் கரையாத, தழும்பை மூடி மறைக்கும் கேமஃப்ளாஜ் கிரீம் இருக்கிறது. தோல் நிறத்துக்கு இரண்டு ஷேடு கலந்து தட்டித் தட்டி வைத்து, மேலே பவுடர் போட்டால் முகூர்த்தத்திலிருந்து மறுவீடு வரை தாங்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தழும்பு உங்கள் தோல் நிறத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஊசி குத்தாமலே ஒரு வாரம் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்து, "இவ்வளவுதானா" என்று ஊசியை வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள், "இது நிரந்தரமாகவே வேண்டும்" என்று உறுதியோடு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இடுப்புக்கும் அதே கிரீம் போதும். கொசுவத்துக்குப் பக்கத்தில் சேலையை ஒரு பின் குத்தி நிறுத்திவிட்டால் பந்தியில் பரிமாற ஓடும்போதும் விலகாது.

பிற்பாடு கைக்குச் செய்வது என்று முடிவெடுத்தால், மருத்துவரிடமோ, மருத்துவர் கூடவே இருக்கும் இடத்திலோ செய்யுங்கள். ஊசியை உங்கள் கண் முன்னால் சீல் வைத்த உறையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். நிறத்தை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கீழே கொட்ட வேண்டும், பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றக் கூடாது. ஊசி புதிதாக இருந்தும், நிறம் பழைய கிண்ணத்தில் இருந்தால் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் பரவும் அபாயம் அப்படியே இருக்கிறது. நிறப் பாட்டிலின் லேபிளை, அதில் இருக்கும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வாமை வந்தால், சிவப்பு நிறத்துக்கு வருவதுதான் அதிகம், எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க அது உதவும். அவர்கள் முன்பு செய்த வேலையின் படம் கேட்டால், செய்த அன்றைக்கு எடுத்ததைக் காட்டுவார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்தது, உங்கள் நிறத்தில் இருக்கிற ஒருவருடையது என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறம் ஏற்றிய பிறகு ஒரு வருடத்துக்கு ரத்த தானம் செய்ய முடியாது. பின்னால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நிறத்தில் இரும்பு இருப்பதால் அரிதாகச் சிலருக்கு அந்த இடம் சுடும், வீங்கும். அதற்காக ஸ்கேன் எடுக்காமல் விட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி. 60,000 ரூபாய்க்கு மொத்தப் பேக்கேஜ், பாதி முன்பணம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சோதனைப் புள்ளிக்கு மட்டும் பணம் கட்டலாம், அது நன்றாக வந்தால் அடுத்த சிட்டிங்குக்கு அப்போது கட்டலாம். உள்ளங்கை அகலத் தழும்புக்கும் வயிறு முழுக்கச் செய்வதற்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறவர், இரண்டும் வேறு வேறு தழும்பு என்பதைப் பார்க்கவே இல்லை. உங்களைத் தொட்டுப் பார்த்து, பி.சி.ஜி. தழும்பைக் காட்டச் சொல்லி, பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு விலை சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது தொடை அரிப்புக்கு மருத்துவரைப் பார்ப்பதுதான். தனியாரிடம் போக வசதிப்படாவிட்டால் கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போங்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் பிரிவில் காட்டலாம். களிம்பு டியூபோடு, வீட்டில் அரிப்பு இருக்கிற மற்றவர்களையும் கூட்டிப் போங்கள். கைத் தழும்பையும் அவர்களிடம் அப்போதே காட்டிவிடலாம். தட்டையாக இல்லாமல் தோலை இழுத்துப் பிடித்திருந்தால் நிறத்துக்கு முன் அதை விடுவிக்க வேண்டியிருக்கும், அதைப் பார்க்க அங்கேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் இருக்கிறது. வயிற்றுக் கோடுகளை இன்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சின்னவன் பால் மறந்த பிறகு அந்தப் படங்களோடு வந்தால், நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து அடுத்ததைப் பேசலாம்.